டெலானிபூர் சுவரில் ஒரு முகம்

போர்ட் பிளேரில் சமதரை என்று ஒன்று கிடையாது. ஏறுகிறோம், இல்லாவிட்டால் இறங்குகிறோம். விமான நிலையத்தில் நான் பிடித்த ஆட்டோ டெலானிபூர் மேட்டில் பாதி ஏறியதும் இருமிக்கொண்டு நின்றது. பிறகு மெல்லப் பின்னால் உருள ஆரம்பித்தது. டிரைவர் கொஞ்சமும் பதறாமல், "நீங்க மட்டும் இறங்குங்க மேடம், பெட்டி இருக்கட்டும்" என்று இந்தியில் சொன்னார். பெட்டி நிறைய பிரஷ்ஷும் உருளையும் கயிறும். அவற்றைவிட நான்தான் பாரம் என்று முடிவு செய்துவிட்டார். மழை தூறிக்கொண்டிருந்தது. நான் நடந்து ஏறினேன். ஆட்டோ எனக்கு முன்னால் ஜாலியாக ஏறிப்போய் மேலே காத்திருந்தது.

நான் சென்னையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். லீவு நாட்களில் சுவரில் வரைவேன். மேம்பாலத் தூண், ரயில்வே ஸ்டேஷன் மதில் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவேன். இந்த முறை கூப்பிட்டது டெலானிபூர் பக்கத்தில் ஒரு சந்து. எந்தச் சந்து என்று சொல்லப்போவதில்லை. இதில் வருகிறவர்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். அடையாளம் என்று எழுதியிருப்பதுகூட அசல் அடையாளம் அல்ல. இந்த ஜாக்கிரதையெல்லாம் அப்போதே இருந்திருந்தால் இதை எழுதவேண்டிய அவசியமே வந்திருக்காது.

கூப்பிட்டவர் தங்கராஜ். ராமநாதபுரத்துக்காரர், பஜாரில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். வீடு இந்தச் சந்தில். பெயிண்ட் முழுக்க அவருடைய உபயம். பதிலுக்கு அவர் கேட்டது ஒன்றுதான். "பெரிய சுவத்துல ஒரு ஓரமா நம்ம கடை பேரும் போன் நம்பரும் வரணும் மேடம். சின்னதாப் போட்டாப் போதும். ஆனா தெரியணும்."

சந்து அப்போது எப்படி இருந்தது என்று சொல்லவேண்டும். ஒரு பக்கம் தங்கராஜ் சொன்ன பெரிய சுவர், மலைச்சரிவைத் தாங்குகிற உயரமான தடுப்புச் சுவர், பாசி பிடித்துக் கறுத்துக் கிடந்தது. எதிர்ப்பக்கம் தகரக் கூரை வீடுகள், அவற்றுக்கு மேலே அரசுக் குடியிருப்புகள். எல்லாமே மழையில் ஊறி ஒரே நிறத்துக்கு வந்திருந்தன. திருப்பத்தில் குப்பை மேடு. அதற்கு எதிரே பிஸ்வாஸ் தாதாவின் டீக்கடை. வங்காளிப் பெரியவர், 'தாதா' என்றுதான் சந்தே அவரைக் கூப்பிடும். குப்பை நாற்றத்தில் அவர் கடையில் யாரும் உட்கார்ந்து குடிக்கமாட்டார்கள். வாங்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள்.

மறுநாள் காலை சுவரைத் தேய்த்துக் கழுவினோம். பாசி போனதும் அடியில் வெளுப்பான சிமெண்டு தெரிந்தது. அந்த வெளுப்புக்கே நாலு பேர் வந்து நின்று பார்த்தார்கள். நிறம் அடிக்க ஆரம்பித்ததும் சண்டையும் ஆரம்பித்தது. தெலுங்குக் குடும்பம் ஒன்று தங்கள் வீட்டுக்கு எதிரே மஞ்சள்தான் வேண்டும் என்றது. மேல்வீட்டு மலையாள நர்ஸம்மா ஜன்னலைத் திறந்து, தினம் எழுந்ததும் பார்க்கப்போவது தான்தான், பச்சை அடி என்றார். வருஷக்கணக்கில் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டியதோடு சரி, பேசியதில்லையாம். இப்போது நடுத்தெருவில் நின்றுகொண்டு இந்தியில் மஞ்சளா பச்சையா என்று வாதாடினார்கள். கடைசியில் மஞ்சளிலிருந்து பச்சைக்கு மெதுவாக மாறுகிற மாதிரி அடித்துக்கொடுத்தேன். இரண்டு பேரும் தான் ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டார்கள்.

குப்பை மேட்டை அள்ளிவிட்டு அங்கே ஒரு மீன்கொத்தி வரைந்தேன். அடுத்த நாள் காலையில் ஒரு அம்மாள் வாளியோடு வந்தாள். மீன்கொத்தியை ஒரு பார்வை பார்த்தாள். வாளியோடு திரும்பிப் போனாள். தாதா உடனே ஒரு பெஞ்சை வெளியே எடுத்துப் போட்டார். சாயங்காலம் அதில் இடம் பிடிக்க ஆட்கள் நின்றார்கள். சிங்காடா என்கிற வங்காளச் சமோசாவை எனக்கு மட்டும் தனியாக எடுத்து வைப்பார். உள்ளே உருளைக்கிழங்கோடு வேர்க்கடலை, காலிஃபிளவர். சென்னையில் நான் வரைந்த தூண்களைச் சுற்றி வண்டிகள்தான் ஓடும், நின்று பார்ப்பவர் கிடையாது. இங்கே ஒரு தெருவே என் பிரஷ் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தது. தலைக்கு ஏறிவிட்டது. அதை மறைக்க விரும்பவில்லை.

செல்வி ஆறாம் நாள் வந்தாள். சந்தின் கடைசி வீடு. ஒரு லாட்ஜ் சமையற்கட்டில் வேலை, மதியத்துக்கு மேல்தான் வருவாள். கணவன் ராசு வெல்டர். வேறொரு தீவில் படகுத்துறை கட்டும் வேலை, வாரக் கடைசியில் வீட்டுக்கு வருவான். மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு மகள்.

"அக்கா, எத்தன நாளு சிங்காடாவையே தின்பீங்க? ஜல்தி இறங்கி வாங்க, சூடு ஆறிரும்" என்று ஏணிக்கடியில் நின்று கூப்பிட்டாள். தூக்குவாளியில் சோறும் சூரை மீன் குழம்பும். தேங்காய் அரைத்துவிட்ட தெற்கத்திக் குழம்பு. புளி மெயின்லேண்டிலிருந்து வந்தது என்றாள். எந்த ஊர் என்று கேட்டேன். "இந்த ஊருதான்" என்று சிரித்தாள். பேச்சு அப்படியே மீனுக்குப் போய்விட்டது. அவள் பேச்சை மாற்றியது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அதற்கு மறுநாள் அவள் சாப்பாடு கொண்டுவந்தபோது வெயிலும் மழையும் சேர்ந்து அடித்தது. தூக்குவாளி மூடியைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு, நனைந்துகொண்டே சிரித்தாள். மோவாயில் ஒரு மச்சம். பின்னால் நான் அடித்த மஞ்சள். போனை எடுத்தேன்.

"ஐயோ, போட்டோலாம் வேணாங்கா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கையைத் தூக்கினாள். கை முகத்துக்கு வருமுன் நான் எடுத்துவிட்டேன். எங்கள் ஊரில் பெண்கள் எல்லோரும் முதலில் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள், வெட்கம், என்று எனக்கு நானே ஒரு விளக்கம் வைத்திருந்தேன். அதற்கு முன்பும் எத்தனையோ பேர் வேண்டாம் என்றதை அந்த விளக்கத்தில்தான் போட்டு மூடியிருப்பேன்.

பெரிய சுவரில், அந்த மஞ்சள் பச்சைக்கு மேல் என்ன வரைவது என்று அதுவரை எனக்குத் தெரியாமலிருந்தது. அன்று தெரிந்துவிட்டது. மறுநாள் காலையில் கயிறு பிடித்துக் கட்டம் போட்டேன். அவள் வேலையிலிருந்து திரும்பும்போது கண்ணும் மூக்கும் வந்திருந்தன. ரொம்ப நேரம் கீழேயே நின்றாள்.

"யாருக்கா இது?"

"யாரோ ஒரு தீவுக்காரி" என்றேன் விளையாட்டாக.

"என் மாதிரியே இருக்கே."

"உன் மாதிரி இருந்தா என்ன? அழகாத்தானே இருக்கு."

அவள் சிரிக்கவில்லை. திரும்பிப் பார்த்துவிட்டு, சின்னக் குரலில் கேட்டாள். "அந்த மச்சத்த மட்டுமாவது எடுத்துருங்கக்கா. பிளீஸ்."

எடுக்கிறேன் என்றேன். மச்சம் இல்லாமல் ஒரு தடவை பார்த்தேன். முகம் பொம்மை மாதிரி இருந்தது. அந்த ஒரு புள்ளியில்தான் உயிர் என்று தோன்றியது. மறுபடி வைத்துவிட்டேன். ஏன் எடுக்கச் சொல்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் காரணம் சொல்லிவிடுவாளோ, எடுக்க வேண்டி வருமோ என்ற பயம் உள்ளே இருந்திருக்கவேண்டும்.

முடிந்த அன்று ஓரத்தில் தங்கராஜின் கடைப் பெயரும் போன் நம்பரும் எழுதி, தள்ளி நின்று ஒரு படம் எடுத்தேன். தடுப்புச் சுவர் முழுக்க மழையில் சிரிக்கும் பெண். இணையத்தில் என் பக்கத்தில் போட்டேன். 'டெலானிபூரின் செல்வி' என்று தலைப்பும் கொடுத்தேன். இங்கே செல்வி என்று எழுதுகிறேன், அங்கே அவளுடைய நிஜப் பெயரைப் போட்டிருந்தேன்.

கைநிறைய நேரம் இருந்தது. இரண்டு நாள் லாங் ஐலண்டு என்கிற சின்னத் தீவைப் பார்த்துவிட்டு வரலாம் என்று அடுத்த நாள் காலை படகேறிவிட்டேன்.

படகில் எனக்குப் பக்கத்தில் ஒருவர் கூடையில் கோழிக்குஞ்சுகள் வைத்திருந்தார். அலை தூக்கிப் போடும்போதெல்லாம் அவை ஒரே குரலில் கத்தும். அவர் எனக்கு ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்து முகரச் சொன்னார். லாங் ஐலண்டில் கார் இல்லை, ஹாரன் இல்லை. சிமெண்டுப் பாதையில் நடந்தால் ஊர் முடிந்து காடு வந்துவிடுகிறது. ஒரு வீட்டில் நண்டுக் குழம்பு போட்டார்கள். அந்த வீட்டுப் பெண், "டவுன்ல சுவத்துல எல்லாம் கலர் அடிக்கிறாங்களாமே, யாரோ மெயின்லேண்டு அம்மா வந்திருக்காங்களாம்" என்று இந்தியில் என்னிடமே சொன்னாள். நான்தான் அந்த அம்மா என்று சொல்லி இன்னொரு நண்டு வாங்கிக்கொண்டேன்.

போனில் சிக்னல் இல்லை. திரும்ப வேண்டிய நாளில் கடல் சரியில்லை என்று படகை நிறுத்திவிட்டார்கள். படகுத்துறையில் காத்திருந்தவர்கள் முணுமுணுத்தபடி வீடுகளுக்குத் திரும்பினார்கள். எனக்குச் சந்தோஷம். காட்டு வழியாகக் கடற்கரைக்குப் போய் ஆளில்லாத மணலில் படுத்துக்கிடந்தேன். அந்த நேரத்தில் சந்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பின்னால் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, அந்த மணலை நினைத்தாலே உடம்பு கூசியது.

திரும்பி வந்தபோது சந்துக்குள் ஆட்டோ நுழைய முடியவில்லை. சுவர் முன்னால் கூட்டம். காலேஜ் பிள்ளைகள், கல்யாணமான புது ஜோடி, தொப்பி வைத்த சுற்றுலாக்காரர்கள். தலைக்குமேல் எதையாவது பிடித்துக்கொண்டு செல்வி மாதிரியே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் படத்தை யார் யாரோ எடுத்துத் தங்கள் பக்கங்களில் போட்டு, ஊரெல்லாம் சுற்றியிருந்தது. தாதாவின் பெஞ்சு நிரம்பி வழிந்தது. அவர் என்னைப் பார்த்தார். சிங்காடாவை எடுத்து வைக்கவில்லை.

தங்கராஜ் வீட்டிலிருந்து ஓடிவந்தார். முகம் வெளிறியிருந்தது.

"மேடம், நா ஒரு தப்பு பண்ணிட்டேன். வேணும்னு பண்ணல."

ஒரு ஆள் அவருக்குப் போன் செய்திருக்கிறான். சுவர் ஓரத்து நம்பரைப் பார்த்துத்தான். படத்தில் இருப்பது யார் என்று கேட்டிருக்கிறான். "ரொம்ப மரியாதையாப் பேசுனாரு மேடம். நா பெருமையா, நம்ம சந்துப் பொண்ணுதான், இங்கதான் குடியிருக்குன்னுட்டேன். அதுக்கப்புறம்தான் சொல்றாரு, நா அவ அண்ணன், அம்மாவுக்கு முடியல, நாங்க கிளம்பி வர்றோம்னு. இத செல்விகிட்டப் போயிச் சொன்னேன். சொன்னதும் அது சுவத்தப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துருச்சு."

செல்வி வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. என் பெயரைச் சொன்னதும் ராசு திறந்தான். லீவு போட்டு வந்திருந்தான். தரையில் மூட்டைகள். செல்வி பாத்திரங்களைச் சாக்கில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மகள் மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்து, "ஆன்ட்டி, எங்க கிளாஸ் மிஸ்கூட அம்மா படம் முன்னாடி போட்டோ எடுத்தாங்க" என்றாள்.

"நீ வெளிய போயி விளையாடு" என்றான் ராசு.

அவன்தான் சொன்னான். வேறு வேறு சாதி ஆட்கள் அவர்கள். கல்யாணம் செய்துகொண்ட வாரத்தில் செல்வியின் ஆட்கள் அவன் வீட்டைக் கொளுத்தினார்கள். கப்பலேறி இங்கே வந்துவிட்டார்கள். இத்தனை வருஷத்தில் செல்வி ஒரு கல்யாண வீட்டுப் படத்தில்கூட நின்றதில்லை.

"போலீஸ்ல சொல்லலாமே" என்றேன்.

"சொல்லியாச்சு. நல்லபடியாத்தான் கேட்டாங்க, நம்பரும் குடுத்திருக்காங்க" என்றான். "ஆனா நா வேலைக்குப் போனப்புறம் இவ தனியா இருக்கணும்ல. கதவு தட்டுனா இவதான தெறக்கணும்."

மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று வாயைத் திறந்தேன். என்னென்னவோ சொன்னேன். எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் செய்திருக்கமாட்டேன், பதிவை அழித்துவிட்டேன், என்று. செல்வி சாக்கைக் கட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"தெரிஞ்சாத்தான் விடுவீங்களாக்கா? வேணாம்னு சொன்னனே. அது பத்தாதா?"

நான் தரையைப் பார்த்தேன். அந்தத் தரையில் ஒரு மூட்டை ஓரமாக அந்தத் தூக்குவாளி இருந்தது.

"மச்சத்தையாவது எடுப்பீங்கன்னு நெனச்சேன்" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் திட்டவில்லை. என் போன் நம்பரை ஒரு துண்டுத்தாளில் எழுதி நீட்டினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். "உங்களமாரி வரையிறவங்க நெறயப் பேரு இருப்பாங்கல்ல. அவங்ககிட்டச் சொல்லுங்க. எங்க பேரச் சொல்லாம சொல்லுங்க."

மறுநாள் காலைக் கப்பலில் போய்விட்டார்கள். எந்தத் தீவுக்கு என்று தங்கராஜுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், எழுதமாட்டேன்.

நான் அன்று காலையே ஏணியைப் போட்டேன். நீலம் ஒரு டின் முழுக்கக் கரைத்து, முதலில் மோவாயிலிருந்து ஆரம்பித்தேன். வந்திருந்த சுற்றுலாக்காரர்கள் கீழே நின்று கத்தினார்கள். "அரே, ஏன் அழிக்கிறீங்க, எவ்வளவு நல்லா இருக்கு!" சந்துக்காரர்கள் யாரும் கத்தவில்லை. நர்ஸம்மா ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டேயிருந்தார். கண்ணுக்கு மேல் நீலம் போகப்போக என் பிரஷ் மெதுவாயிற்று. நல்ல படம் போகிறதே என்ற வருத்தமும் அந்தத் தாமதத்தில் கொஞ்சம் இருந்தது. அந்த நேரத்திலும் அது இருந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கே அர்த்தமில்லை.

நெற்றி பாக்கி இருக்கும்போது அவர்கள் வந்தார்கள். இரண்டு பேர். ஒருவன் நாற்பதை ஒட்டியவன், கையில் துணிப்பை. இன்னொருவன் பேசவேயில்லை, வீட்டு வாசல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வணக்கம்க்கா" என்றான் பை வைத்திருந்தவன். "நீங்கதான் வரைஞ்சதா?"

இறங்கினேன். போனை நீட்டினான். அதில் என் சுவர், முழுதாக.

"இது எங்க தங்கச்சி. பாத்து ரொம்ப வருசமாச்சு. எங்க இருக்கான்னு மட்டும் சொல்லுங்க."

"இது யாருமில்லைங்க. நானா கற்பனையா வரைஞ்சது."

"பேரு போட்டிருந்தீங்களே."

"ஏதோ ஒரு பேர் வைக்கணும்னு வெச்சேன்."

அவன் விரலால் படத்தைப் பெரிதாக்கினான். "மச்சமும் கற்பனையாக்கா?"

நான் நீலம் படிந்த கையைத் துடைத்துக்கொண்டேன். தாதா கடையிலிருந்து எழுந்து வந்தார். இந்தச் சந்தில் தனக்குத் தெரியாத ஆள் கிடையாது, அப்படி ஒரு பெண் இங்கே இல்லை, என்று இந்தியில் சொன்னார். மஞ்சள் கேட்ட தெலுங்குக்காரர் வந்து தாதா பக்கத்தில் நின்றார். மேலேயிருந்து நர்ஸம்மா, "ஆரு? ஆரைத் தேடுறீங்க? அப்படி ஆருமில்ல" என்றார். தங்கராஜ் ஓடி வந்து, "அண்ணாச்சி, போன்ல நாந்தான் பேசுனது. ஒரு பெருமைக்கு நம்ம பொண்ணுன்னு சொல்லிட்டேன், எனக்கே தெரியாது" என்றார். 

"அப்ப ஏன் அழிக்கிறாங்க?"

"ஈரம் ஊறிப் பெயிண்ட் உரியுது அண்ணாச்சி. வேற போடணும்."

பை வைத்திருந்தவன் பெஞ்சில் உட்கார்ந்தான். பையைத் திறந்து மூடினான். உள்ளே அதிரசமோ என்னவோ, எண்ணெய் ஊறிய செய்தித்தாள் பொட்டலம். அவன் கண் கலங்கியிருந்தது. கூட வந்தவன் இன்னும் வாசல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இந்த இரண்டில் எது நிஜம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டுமே நிஜமாக இருக்கலாம். தாதா டீ கொடுத்தார். அவன் குடிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, எல்லோருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் சரிவில் இறங்கிப் போனான்.

அவர்கள் விமானம் ஏறிவிட்டதாகத் தங்கராஜ் விசாரித்துச் சொன்னபிறகுதான் நான் கிளம்பினேன். சுவரை வெறும் நீலமாக விட்டுவிட்டேன். ஏதாவது வரையச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

சென்னைக்கு வந்து பள்ளிக்கூடம் திறந்தது. ஒரு மதியம், ஸ்டாஃப் ரூமில் டப்பாவைத் திறந்தபோது தெரியாத நம்பரிலிருந்து போன். காற்றுச் சத்தம், நடுநடுவே குரல் அறுந்து அறுந்து வந்தது.

"அக்கா, நாந்தான். கடைப் போன்ல இருந்து பேசுறேன். அவங்க போயிட்டாங்களா?"

"போயிட்டாங்கம்மா. யாரும் ஒண்ணும் சொல்லலை. சந்தே ஒண்ணா நின்னுச்சு" என்று நடந்ததையெல்லாம் வேகமாகச் சொன்னேன். அவளுக்கு நல்ல செய்தி கொடுக்கிற சந்தோஷம் எனக்கு. அவள் முழுக்கக் கேட்டாள்.

"அண்ணன் அம்மாவப் பத்தி ஏதும் சொன்னானாக்கா? நெசமாவே முடியலையாமா?"

 அவன் என் எதிரே அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தான். எனக்கு என் பொய்யைக் காப்பாற்றுவதிலேயே நேரம் போய்விட்டது. கேட்கவேண்டும் என்றே தோன்றவில்லை.

"கேக்கலம்மா" என்றேன்.

"சரிக்கா" என்றாள். காற்று கொஞ்ச நேரம் இரைந்தது. அப்புறம் லைன் போய்விட்டது.

தங்கராஜின் போனில் அந்த அண்ணனுடைய நம்பர் இன்னும் இருக்கும். ஒரு தடவை பேசினால் அந்த அம்மா எப்படியிருக்கிறாள் என்று தெரிந்துவிடும். பேசினால், கேட்கச் சொல்லி ஒருத்தி இருக்கிறாள் என்பதும் அவனுக்குத் தெரிந்துவிடும்.